இரண்டாம் ஆண்டுக் கத்தரி

காலை ஐந்தேகாலுக்கு
திருவான்மியூர்க் கடையின் ஷட்டரை
இடுப்பளவு தூக்கிக் குனிந்து நுழைகிறேன்.
உத்திரமேரூர் வேன் வந்து போயிருக்கிறது.
ஆறு கிரேட். அதில் இரண்டு கத்தரி.

என் வேலை ஓட்டை பார்ப்பது.

காம்புக்குக் கீழே, கடுகளவு.
சில காயில் அதைச் சுற்றி ஈர மரத்தூள் போலக் கழிவு.
சிலதில் ஒன்றுமில்லை,
ஆணி குத்தி எடுத்த மாதிரி சுத்தமான வட்டம்.
கட்டைவிரலால் உருட்டி உருட்டி
நல்லது இடப்பக்கம், மற்றது வலப்பக்கம்.
நேற்று பதினெட்டுக் கிலோவில்
ஏழு கிலோ வலப்பக்கம் போனது.
ஏழுக்கும் காசில்லை. அப்படித்தான் பேச்சு.

காய் அனுப்புகிறவர் பெயர் இருசப்பன்.
பார்த்ததில்லை, போனில் குரல்தான்.
வேப்பங்கொட்டை இடித்து ஊறவைத்து அடித்தாராம்.
கவர்ச்சிப் பொறி பன்னிரண்டு கட்டினாராம்.
வாடிய நுனிகளைக் கிள்ளிக் கிள்ளியே
அவர் மனைவிக்கு நகக்கண் கறுத்துவிட்டதாம்.
"பக்கத்துக் கொல்லைக்காரன்
வாரம் ரெண்டு தரம் மருந்து அடிக்கிறான்மா.
அவன் காயிலயும் புழு இருக்கு.
உள்ள போயிட்டா அது கதவ சாத்திக்கும்.
மருந்து வெளியதான் நிக்கும்."

இதைக் கடைக்காரர் பிரசன்னாவிடம் சொல்லவில்லை.
அவர் ஏற்கெனவே பலகையில்
பச்சைச் சாக்கட்டியால் எழுதியிருந்தார்:
'புழு இருந்தால் நஞ்சு இல்லை!'
பக்கத்தில் ஒரு இலை, சிரிக்கிற புழு.
மூன்று நாளில் கத்தரி பாதிதான் விற்றது.
பலகையில் இப்போது கம்பு மாவு விலை.

இன்னொரு அட்டையும் உண்டு, அதை எடுக்க முடியாது.
'மாறுநிலை, இரண்டாம் ஆண்டு.'
சான்று தருகிறவர்களின் சொல்.
"என்ன மாறுது, கத்தரிக்காயா?" என்று கேட்டார் ஒருவர்.
நிலம் என்றேன்.
பழைய உப்பை மறக்க
மண்ணுக்கு மூன்று வருஷம் கொடுத்திருக்கிறார்கள்.
விளைச்சல் முதல் வருஷமே மறந்துவிட்டது.
விலைக்கு
மூன்று முடிந்தபிறகுதான் ஞாபகம் வருமாம்.

சனிக்கிழமை
கொட்டிவாக்கத்து அம்மா ஒருவர்
டிபன் டப்பாவைத் திறந்து கல்லாமேல் வைத்தார்.
பாதிக் கத்தரி. நடுவில் ரோஸ் நிறத்தில்
சோம்பலாக ஒன்று நெளிந்தது.
"ஆர்கானிக்னு சொன்னீங்க. இதச் சொல்லலையே."
பிரசன்னா மன்னிப்புக் கேட்டு
நாற்பத்தெட்டு ரூபாயைத் திருப்பித் தந்தார்.
டப்பாவைக் கழுவித் தந்தது நான்.
ராத்திரி வாட்ஸப்பில் அவரே:
'கத்தரி அரைக் கிலோ. ஆர்கானிக் மட்டும்.
ஓட்டை வேண்டாம். பளபளப்பா பாத்து.'

வலப்பக்கத்துக் காய் என் பையில்
பெரும்பாக்கம் போகும்.
ஐந்தாவது மாடி, லிஃப்ட் ஓடாது.
படி ஏறும்போதே பாதி பங்கு போய்விடும்.
பவுனம்மா ஓட்டைப் பக்கத்தை வெட்டி எறிந்து
மிச்சத்தைக் கருவாட்டோடு போடுவாள்.
நகரத்தில் விலை அதிகமான கத்தரியை
நாங்கள்தான் சும்மா தின்கிறோம்
என்று ஒருநாள் சொல்லிப் பார்த்தேன்.
"நாளைக்காவது ஓட்ட இல்லாததா
எடுத்தாயேன்" என்றாள்.

இன்று இருசப்பன் கூப்பிட்டார்.
பின்னால் மோட்டார் சத்தம்,
யாரோ ஆட்டை விரட்டும் சத்தம்.
அடுத்த போகம் வெண்டை போடலாமா,
நாலு பக்கமும் சோளத்தை
இன்னும் நெருக்கி விதைத்தால்
அடுத்த கொல்லை மருந்து இந்தப் பக்கம் வராமல் நிற்குமா,
எல்லாம் கேட்டுவிட்டுக் கடைசியில்தான் கேட்டார்:
"இன்னிக்கு எவ்ளோ கழிஞ்சுதும்மா?"

ஆறு கிலோ இருந்தது.
நாலு என்றேன்.

போனை வைத்தபின் தராசில் நிறுத்து
சரியாக இரண்டு கிலோ,
ஓட்டை அடிப்பக்கம் வருமாறு
ஒவ்வொன்றாகத் திருப்பி
இடப்பக்கத் தட்டில் அடுக்கினேன்.
மேலே கொஞ்சம் தண்ணீர் தெளித்தேன்.

ஆறே முக்கால்.
ஷட்டரை முழுதும் தூக்க வேண்டும்.